பெயர் எழுதாத பொட்டலம்

சின்னக்கருங்குளம்
17.7.2024

சிம்மக்கல் விதைக்கடை ராமமூர்த்திக்கு,

சுருளியின் மனைவி சரண்யாதேவி எழுதுகிறேன். பத்து வருடமாக உங்களை அண்ணே என்று கூப்பிட்டு வந்தேன். இனிமேல் அந்த வார்த்தை என் வாயிலிருந்து உங்களுக்குக் கிடைக்காது.

நேற்று உங்கள் கடைக்கு வந்தேன். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போனீர்கள். ஒரு மணி நேரம் நின்றேன், வெளியே வரவில்லை. ஃபோன் செய்தால் என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் பதிவுத் தபால். இதைக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கியாக வேண்டும். வரவில்லை, பார்க்கவில்லை என்று பிறகு சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் ஜூன் முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நாற்பத்தொரு வயது. முந்தின நாள் மத்தியானம் உங்கள் கடையில் வாங்கிய பொடியை விதைக்கடலையில் கலந்தார். இரண்டு மணி நேர வேலை. சாயங்காலம் தொண்டை எரிகிறது, கண் எரிகிறது என்றார். ஏழு மணிக்கு முகமும் நெஞ்சும் செக்கச்செவேல் என்று சிவந்துவிட்டது. தலை வெடிக்கிறது என்று கத்தினார், வாந்தி எடுத்தார், மூச்சு வாங்கிக்கொண்டே கீழே விழுந்தார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம்.

டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான். "என்ன பொடிம்மா கலந்தாரு? பேரு என்ன?" காலிப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். நீட்டினேன். வெள்ளை பிளாஸ்டிக் கவர், வெள்ளை நூல் கட்டு. அதில் ஓர் எழுத்துகூட இல்லை. அங்கேயே நின்று உங்களுக்கு ஃபோன் போட்டேன். உங்கள் பக்கத்தில் மேளச் சத்தம் கேட்டது. "அது சும்மா விதை மருந்தும்மா, ஒண்ணும் பண்ணாது. குடிச்சிருப்பாரு, நல்லாப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

நீங்கள் அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கு ஊரே சொல்கிறது. சுருளி குடித்துச் செத்தான். அவர் குடியை விட்டு நான்கு வருடம் ஆகிறது. என் மகள் பவதாரிணி ஆறாம் வகுப்பு படித்தபோது அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து, அன்றோடு நிறுத்தினார். இப்போது பத்தாம் வகுப்பு. அப்பா சத்தியத்தை மீறிவிட்டார் என்று அவள் நம்புகிறாள். சாவு வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காரியத்தன்று எல்லாரும் பார்க்கப் பார்க்கப் பையைத் தூக்கிக்கொண்டு டியூஷனுக்குப் போய்விட்டாள்.

எனக்கு உங்களிடம் வேண்டியது ஒன்றுதான். அந்தப் பொடியின் பெயர் என்ன, அது வந்த பெட்டியில் என்ன எச்சரிக்கை இருந்தது, அதை ஏன் எங்கள் கண்ணில் காட்டவில்லை? இதை உங்கள் கைப்பட எழுதி, கடை முத்திரை குத்தி அனுப்புங்கள். என் மகளிடம் காட்ட வேண்டும்.

சரண்யாதேவி


சிம்மக்கல், மதுரை
22.7.2024

திருமதி சரண்யாதேவி அவர்களுக்கு,

உங்கள் தபால் கிடைத்தது. உங்கள் துக்கத்துக்கு என் அனுதாபம். அதைத் தவிர அந்தக் கடிதத்தில் உள்ள எதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு மணி நேரம் நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நின்றது மட்டும்தானா? வாங்க வந்த ஜனங்களுக்கு மத்தியில் "கொலகாரப் பாவி, வெளிய வாடா" என்று கத்தியதை ஏன் விட்டுவிட்டீர்கள்? முப்பத்திரண்டு வருஷமாகக் கடை நடத்துகிறேன். என்னிடம் வாங்கிய பொருளால் ஒரு கோழி செத்தது என்றுகூட யாரும் வந்து நின்றதில்லை. அறுபத்திரண்டு வயதில் என்னை "டா" போட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

பொட்டலம் என்று பெரிய குற்றம்போல எழுதுகிறீர்கள். பெட்டியாகக் கொடுத்தால் யார் வாங்குகிறார்கள்? உங்கள் ஆட்கள் வந்து கேட்பதே, "அண்ணே, ஒரு அம்பது கிராம் மடிச்சுக் குடுங்கண்ணே" என்றுதான். உங்கள் வீட்டுக்காரர் கேட்டது ஆறு பொட்டலம். கிலோவுக்கு நாலு கிராம் போடச் சொன்னேன். "வாயைக் கட்டிக்கிட்டுக் கலக்குங்க" என்றும் சொன்னேன். தலையாட்டிவிட்டுத்தான் போனார். அதற்கு மேல் நான் என்ன, கூடவே வந்து கலக்கிக் கொடுக்கவா முடியும்?

இன்னொன்று. அந்தப் பொடியைத் திருநகரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, என் மனைவி அலர்மேல்மங்கைதான் தன் கையால் நிறுத்துக் கட்டுகிறாள். பதினெட்டு வருஷமாகக் கட்டுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். நீங்கள் சொல்வதுபோல அது ஆளைக் கொல்லும் விஷம் என்றால் முதலில் யாருக்கு ஆகியிருக்க வேண்டும்?

உங்கள் கொழுந்தன் கருப்பு போன வாரம் கடைக்கு வந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "அண்ணனத் தூக்குனது நான்தான் மொதலாளி. வாயில வாசன வந்துச்சு. அண்ணி ஒத்துக்கிற மாட்டேங்குறாக." இதற்கு மேல் நான் என்ன எழுத? மகளிடம் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கி, நாளைக்குக் கோர்ட்டில் காட்டுவீர்கள். நானும் உலகம் பார்த்தவன்தான்.

இனி எழுதினால் என் தங்கை மகன் வெங்கடேஷ்பாபு பதில் எழுதுவான். அவன் வக்கீல்.

இப்படிக்கு,
ராமமூர்த்தி


சின்னக்கருங்குளம்
28.7.2024

ராமமூர்த்திக்கு,

ஆமாம், கத்தினேன். உங்கள் தங்கை மகன் வக்கீல் என்றால் அவர் முன்னாலும் கத்துவேன்.

'உங்கள் ஆட்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஆட்கள்? என் மாமனார் காலத்தில் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் கடலை பிடுங்கிய ஆட்களா? இப்போது ஒன்றரை ஏக்கர் எங்கள் பெயரில் பட்டாவாக இருக்கிறது. நிலம் கொஞ்சம், அதனால் மருந்தும் கொஞ்சமாக வாங்குகிறோம். கொஞ்சமாக வாங்குகிறவனுக்கு எச்சரிக்கை வேண்டாம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? வக்கீலிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலில் வாசலில் வைத்துத்தான் கலக்கினார். ஆனிக் காற்று. பொடி புகைபோலக் கிளம்பியது. "இம்புட்டும் காத்துல போனா வெதைக்கு என்ன ஒட்டும்?" என்று பிளாஸ்டிக் டிரம்மை உள் அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். முழங்கை வரை உள்ளே விட்டுக் கிளறினார். வாயில் துண்டைக் கட்டியிருந்தார், நீங்கள் சொன்னபடியே. வேர்த்தபோதெல்லாம் அதே துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார், மறுபடி கட்டினார். மருந்தை வீணாக்கக் கூடாது என்றுதான் எங்களுக்குத் தெரியும். மூடிய அறையில் கலக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

போன வாரம் ஒத்தக்கடையில் ஒரு விதைக்கடைக்குப் போனேன். கனகா என்று ஒரு பெண் நடத்துகிறாள். மருந்து கலந்த கடலையில் ஒரு கைப்பிடியைக் கவரில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். "அக்கா, நம்ம பக்கம் கடலைக்கு அதிகமா விக்கிறது இந்தப் பொடிதான்" என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். திரம் என்று போட்டிருந்தது. உங்கள் பொட்டலத்தில் இருந்தது அதுதானா என்று அவளால் சொல்ல முடியாது. உங்களால்தான் முடியும்.

பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறார்கள். தமிழிலேயே இருக்கிறது. கையுறை போட வேண்டும். மூக்கும் வாயும் மூடும் முகக்கவசம் வேண்டும், துண்டு போதாது. காற்றோட்டமான இடத்தில்தான் கலக்க வேண்டும். கலக்கும்போது சாப்பிடக் கூடாது, பீடி சிகரெட் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும். கலந்த விதையை மனிதரோ ஆடு கோழியோ தின்னக் கூடாது. காலிக் கவரைக் கண்மாயில் கழுவக் கூடாது. தோலில் பட்டால் அரிப்பும் வெடிப்பும் வரலாம். கடைசிக்கு முந்தின வரி இது: இந்த மருந்தைக் கையாளுவதற்கு முன்பும் பின்பும் மது அருந்தக் கூடாது, அருந்தினால் முகம் சிவந்து, வாந்தியும் மூச்சுத் திணறலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கனகா நாற்காலி எடுத்துப் போட்டாள்.

ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் பார்க்காத தாளா இது?

வாசனை வந்தது என்று கருப்பு சொன்னாராம். வந்திருக்கலாம். அது எப்படி வந்தது என்பது உங்களுக்கு வேண்டாத விஷயம்.

இப்போது எனக்கு என் மகள் மட்டும் பிரச்சினை இல்லை. எங்கள் ஊரில் இன்னும் ஏழு வீட்டில் உங்கள் பொட்டலம் இருக்கிறது. மழை ஏமாற்றிக்கொண்டே இருப்பதால் யாரும் இன்னும் விதைக்கவில்லை. ஆகஸ்ட் பதினாறு, ஆடிக் கடைசி வெள்ளி, ஊரில் கிடாவெட்டு. ஒரு மழை விழுந்தால் முந்தின நாள் விதை கலக்குவார்கள், மறுநாள் கறியும் பாட்டிலுமாக உட்காருவார்கள். நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். "புருசன் குடிச்சுச் செத்தத மறைக்க மருந்து மேல பழி போடுறா" என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். விற்ற நீங்கள் சொன்னால் நம்புவார்கள். பதினாறாம் தேதிக்குள் எழுதுங்கள்.

சரண்யாதேவி


சிம்மக்கல், மதுரை
2.8.2024

திருமதி சரண்யாதேவி அவர்களுக்கு,

அது திரம்தான். இதை எழுத்தில் கொடுக்கக் கூடாது என்று வெங்கடேஷ்பாபு தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் எழுதிவிட்டேன். உங்கள் நச்சரிப்பு இத்தோடு நிற்கட்டும்.

நீங்கள் அனுப்பிய தாளை எனக்குப் பாடம் நடத்துவதுபோல எழுதியிருக்கிறீர்கள். அதை நான் எத்தனையோ வருஷத்துக்கு முன்பே படித்தவன். ஒரு பெட்டிக்கு ஒரு தாள்தான் வரும். பத்துப் பொட்டலம் கட்டினால் மற்ற ஒன்பதுக்கு எங்கே போவது? பெட்டியைப் பிரித்ததும் தாள் குப்பைக்குப் போகும். எல்லாக் கடையிலும் அப்படித்தான்.

குடி விஷயமும் தெரியும். ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஒருத்தர், "வெதைக்கிற அன்னைக்கு உடம்பு அசதிக்கு ஊத்தாம, பின்ன பஜன பாடவா செய்வாங்க?" என்று எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அன்றோடு விட்டுவிட்டேன். வியாபாரி வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொடுத்ததே நீங்கள் எல்லாரும்தான்.

ஆனால் அம்மா, நீங்கள் அனுப்பிய தாளை நீங்களே சரியாகப் படித்தீர்களா? அதன்படி பார்த்தால் குடிக்காமல் இருந்திருந்தால் அவருக்குத் தொண்டை எரிச்சலோடு போயிருக்கும். பொடி என்னுடையது, சரி. குடி யாருடையது? நான்கு வருஷம் தொடாத மனுஷன் சரியாக அன்றைக்கு எப்படிக் குடித்தார்? கடைக்குப் போனாரா? யாராவது கூப்பிட்டுக் கொடுத்தார்களா? அவர் கையில் கிளாஸைக் கொடுத்த ஆளையும் தேடிப் போய், நடுத் தெருவில் நிற்க வைத்துக் கொலைகாரப் பாவி என்று கேட்டீர்களா? அந்தத் தைரியம் உங்களுக்கு இருக்காது. வெள்ளைச் சட்டை போட்ட வியாபாரி என்றால்தான் தொண்டை திறக்கும்.

ஊருக்கு எழுதச் சொல்கிறீர்கள். எழுத மாட்டேன். பிரித்து விற்றேன் என்று என் முத்திரையோடு ஒரு காகிதம் ஊரில் சுற்றினால் மறுநாளே அதிகாரி வந்து நிற்பார், லைசென்ஸ் போகும். நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நம்பாவிட்டால் அது அவர்கள் தலையெழுத்து.

ராமமூர்த்தி


சின்னக்கருங்குளம்
7.8.2024

ராமமூர்த்திக்கு,

கிளாஸைக் கொடுத்த ஆளைக் கேட்டீர்களா என்று எழுதியிருந்தீர்கள். தினமும் கேட்கிறேன். கொடுத்தது நான்தான்.

வீட்டில் சளிக்கு என்று கொஞ்சம் பிராந்தி வைத்திருந்தேன். பவதாரிணிக்கு நெஞ்சுச் சளி கட்டினால் தேய்த்துவிடுவதற்கு. அவர் கண்ணில் படக் கூடாது என்று அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அவர் இருமி இருமித் துவண்டுபோனார். தொண்டைக்குள் மிளகாயைத் தேய்த்ததுபோல இருக்கிறது என்றார். என் அம்மா வீட்டில் எந்த இருமலுக்கும் வெந்நீரில் பிராந்தியும் மிளகும்தான். அதைத்தான் செய்தேன்.

"வேணாம் சரண்யா. பாப்பாகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்ல" என்றார்.

"இருமலுக்குக் குடிக்கிறதெல்லாம் குடியா? மூக்கப் பிடிச்சுக்கிட்டு முழுங்குங்க" என்றேன்.

"வாசன வருமே. பாப்பா வர்ற நேரம்."

"வந்தா நான் சொல்லிக்கிறேன். குடிங்க மொதல்ல."

கால் டம்ளர்தான். குடித்தார். பத்து நிமிடத்தில் பவதாரிணி டியூஷன் முடிந்து வந்தாள். அப்பா என்று பக்கத்தில் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மூக்கில் ஏறியிருக்கிறது. அவர் முகம் அப்போதே சிவக்க ஆரம்பித்திருந்தது. பார்க்கிறவர்களுக்குக் குடிகாரன் முகமாகத்தான் தெரியும். "எங்கிட்ட இனிமே பேசாத" என்று அவரிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். நான் அடுப்படியில் இருந்தேன். அவள் திரும்பி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் அவர் விழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "குடிச்சிருக்காரா?" என்று கேட்டபோது இல்லை என்று சொன்னேன். கருப்பு பக்கத்தில் நின்றதால் சொன்னேன். சாவு வீட்டில் எல்லாரும் பேசியபோதும் வாயைத் திறக்கவில்லை. நான்தான் கொடுத்தேன் என்றால், புருஷனைக் குடிக்க வைத்துக் கொன்றவள் என்பார்கள். அவர் பெயர் கெட்டால் போகட்டும், என் பெயர் நிற்கட்டும் என்று இருந்துவிட்டேன். உங்களைக் கடையில் அப்படித் திட்டியதும் அதனால்தான். ஒரு கொலைகாரர் வேண்டியிருந்தது. நானாக இல்லாத ஒருவர்.

அதற்காக நீங்கள் தப்பித்துவிட்டீர்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தாளைக் கண்ணால் பார்த்திருந்தால் நான் அந்த டம்ளரைத் தொட்டிருப்பேனா?

இதோ என் கையெழுத்தில் எல்லாம் இருக்கிறது. உங்கள் வக்கீலிடம் கொடுங்கள், என்மேல் கேஸ் போடுங்கள். எனக்கு இப்போது அதைப் பற்றிப் பயமில்லை. நேற்று எங்கள் ஊரில் நல்ல மழை பெய்தது. மூன்று வீட்டில் கடலை உடைத்துக் காயப் போட்டிருக்கிறார்கள். பதினாறுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. உங்கள் லைசென்ஸைக் கட்டிக்கொண்டு அழுங்கள். அந்த ஏழு வீட்டுக்கு மட்டும் எழுதுங்கள்.

சரண்யாதேவி


திருநகர், மதுரை
12.8.2024

சரண்யாதேவிக்கு,

இந்தக் கடிதத்தை வீட்டிலிருந்து எழுதுகிறேன். கடையை மூன்று நாளாகத் திறக்கவில்லை.

அலர்மேல்மங்கை நன்றாகத்தான் இருக்கிறாள் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். அவளுக்கு எட்டு வருஷமாக இரண்டு கையிலும் தோல் உரிந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோப்பை மாற்றினோம். பிறகு புளி கரைப்பதை விட்டாள், பாத்திரம் தேய்ப்பதை விட்டாள். எத்தனையோ களிம்பு. பொட்டலம் கட்டுவதை மட்டும் விடவில்லை. அது என் வியாபாரம் இல்லையா? எழுதும்போது அந்தக் கைகள் என் நினைவுக்கே வரவில்லை. நான் எவ்வளவு கவனித்துப் பார்க்கிற புருஷன் என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் ஜெராக்ஸை மேஜையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் படித்துக்கொண்டிருந்தாள். தோலில் அரிப்பும் வெடிப்பும் வரலாம் என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, இது உங்களுக்கு முன்னமே தெரியுமா என்று கேட்டாள். எங்கள் சௌராஷ்டிர பாஷையில் கேட்டாள். தமிழில் எழுதினால் அந்தக் கோபம் வராது. தெரியும் என்றேன். உடனே எழுந்தாள். வீட்டில் இருந்த பொடியையெல்லாம் ஒரு வாளியில் மூடி மாடியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். வெங்கடேஷ்பாபுவிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். நகலும் எடுக்கவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அல்லது கிழித்துப் போடுங்கள்.

கூட ஒரு காகிதம் இருக்கிறது. ஊருக்குப் படித்துக் காட்டுங்கள். சின்னக்கருங்குளத்தார் என்னிடம் இந்த வருஷம் வாங்கிய வெள்ளைப் பொட்டலத்தில் இருப்பது திரம் என்ற பூஞ்சைக்கொல்லி. அதைப் பெட்டியிலிருந்து பிரித்து, பெயரும் எச்சரிக்கைத் தாளும் இல்லாமல் விற்றது என் தப்பு. யாரும் அதைத் திறக்க வேண்டாம், என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே விதையில் கலந்தவர்கள் நன்றாகக் குளித்து, டாக்டர் சொல்லும்வரை சாராயம், பிராந்தி, பீர், கள் எதையும் தொடக் கூடாது. கலந்த கடலையில் ஒன்றைக்கூட வறுத்துத் தின்னவோ கோழிக்குப் போடவோ கூடாது. இதைத்தான் எழுதியிருக்கிறேன். கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறது. லைசென்ஸ் போனால் போகட்டும்.

அந்தக் காகிதத்தில் இல்லாத ஒன்றை உங்களுக்கு மட்டும் எழுத வேண்டும். அன்றைக்கு நீங்கள் ஃபோன் செய்தபோது என் அண்ணன் மகன் சாய்பிரசாத்தின் கல்யாண வரவேற்பில் நின்றுகொண்டிருந்தேன். பெயர் எனக்குத் தெரியும். மூன்றெழுத்து. அதைச் சொன்னால் ஆஸ்பத்திரி ரெக்கார்டில் ஏறும், என் கடைக்கு வருவார்கள் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் தெரியாமல் கொடுத்தீர்கள். நான் தெரிந்தே மறைத்தேன்.

இதனால் சமாதானம் ஆகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். என்னை நடுக்கடையில் 'டா' போட்டதை நான் மறக்கப்போவதில்லை.

ராமமூர்த்தி


சின்னக்கருங்குளம்
19.8.2024

ராமமூர்த்திக்கு,

உங்கள் தபால் பதினான்காம் தேதி கிடைத்தது. பதினைந்தாம் தேதி சாயங்காலம், கோயில் மைதானத்தில் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டு வாங்கி, உங்கள் காகிதத்தைப் படித்தேன். முத்திரையைக் காட்டு என்றார்கள், காட்டினேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

ஆறு வீட்டுப் பொட்டலம் பிரிக்காமல் வந்துவிட்டது. கனகா கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாவது வீடு கருப்பு வீடு. அவர் அன்றைக்குக் காலையில்தான் விதை கலந்து முடித்திருந்தார். மறுநாள் கறியோடு குடிக்கப் பாட்டிலும் வாங்கி வைத்திருந்தார். அவர் மனைவி முத்துமீனா அதைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் சாக்கடையில் ஊற்றினாள். ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனாள். அவர் நன்றாக இருக்கிறார்.

ஆனால் பாட்டிலை ஊற்றுவதற்கு முன்னால் அவர் ஒன்று கேட்டார். "எல்லாஞ் சரி அண்ணி. அப்போ அண்ணன் அன்னைக்குக் குடிச்சது நெசந்தானே? சத்தியத்த மீறுனது நெசந்தானே?"

கூட்டம் என்னைத்தான் பார்த்தது. பவதாரிணி தோழிகளோடு ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்றாள். நான் தலையாட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். மருந்து விஷயம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் ஊருக்கு ஒன்றும் தேவையில்லை.

மைக்கை வைக்காமலே சொன்னேன். "அவரு குடிக்கல. நான் குடுத்தேன். இருமலுக்குன்னு வெந்நில ஊத்தி நான்தான் குடுத்தேன்." மைக் செட் என்பதால் வண்டியூர் வரைக்கும் கேட்டிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்னைத் திட்டினார்கள். அதெல்லாம் சரியாகக் காதில் விழவில்லை.

பவதாரிணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னைத் தொடாமல் ஓர் அடி தள்ளி நின்றாள்.

"அப்பா வேணாம்னு சொன்னாரா?"

"ரெண்டு தடவ சொன்னாரு."

"நான் வாரேன்னு சொன்னாரா?"

"பாப்பா வர்ற நேரம்னு சொன்னாரு."

அப்போதுதான் அழுதாள். அப்பா அப்பா என்று தரையில் உட்கார்ந்து, சாவு வீட்டில் அழ வேண்டியதை எல்லாம் அங்கே அழுதாள். கிடாவைக் கொண்டுவந்தவர்கள்கூட அப்படியே நின்றார்கள். நான் தூக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

பவதாரிணி இப்போது முத்துமீனா வீட்டில்தான் இருக்கிறாள். அங்கிருந்தே பள்ளிக்கூடம் போகிறாள். சாப்பாடு கொண்டுபோனால் வாங்கிக்கொள்வதில்லை. நேற்று முத்துமீனா வந்து, அவள் தூக்கத்திலும் அப்பாவிடம்தான் பேசுகிறாள் என்றாள். அவளுக்கு அப்பா திரும்பக் கிடைத்துவிட்டார். அது எனக்குப் போதுமா என்று கேட்டால், போதாது. ஆனால் வேறு வழியில் கிடைத்திருக்காது.

உங்களை நான் மன்னிக்கவில்லை. உங்கள் மனைவியின் கையை நல்ல தோல் டாக்டரிடம் பொடியின் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள். இந்தத் தடவையாவது சொல்லுங்கள்.

எனக்கு இனி எழுத வேண்டாம். தபால்காரர் வந்தாலே ஊர் எட்டிப் பார்க்கிறது. என் வீட்டுக்காரரைப் பற்றி இப்போது யாரும் எதுவும் பேசுவதில்லை. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

சரண்யாதேவி